தெரிகிறது

ஒரே பத்தியில் ‘கூறப்படுகிறது’ இரண்டு முறை வரக்கூடாது. ‘தென்முனை’ நாளிதழில் அது வழக்கம். யார் கொண்டுவந்தது என்று யாருக்கும் நினைவில்லை. எப்சிபா உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோதே அது இருந்தது. முதலில் ‘கூறப்படுகிறது’ போடலாம். அடுத்து ‘சொல்லப்படுகிறது’. மூன்றாவதாக ஒன்று தேவைப்பட்டால் ‘தெரிகிறது’. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான். யாரோ சொன்னார்கள், நாங்கள் பொறுப்பில்லை.

ஐஸ் கம்பெனி தீவிபத்துச் செய்தியை நிருபர் கலீல் எழுதி அனுப்பியிருந்தான். இரண்டு பெண்கள் உள்ளே சிக்கி இறந்திருந்தார்கள். கடைசிப் பத்தியில் மூன்று வாக்கியங்கள். மூன்றுமே ‘கூறப்படுகிறது’ என்று முடிந்தன. எப்சிபா முதலாவதைத் தொடவில்லை. இரண்டாவதை மாற்றினாள். மூன்றாவதையும் மாற்றினாள். கை தானாகச் செய்த வேலை அது. அவள் கண் அப்போது தலைப்பில் இருந்த சந்திப்பிழை மேல் இருந்தது.

பத்தி இப்படி வெளிவந்தது:

“வேலையிலிருந்து நீக்கப்பட்ட மெக்கானிக் சூசை மிக்கேலுக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு இருந்ததாகக் கூறப்படுகிறது. சில நாள்களாக அவர் மிரட்டி வந்ததாகச் சொல்லப்படுகிறது. தீப்பிடித்த மாலை அவர் கம்பெனியின் பின்வாசலில் நின்றதாகத் தெரிகிறது.”

மறுநாள் சூசை மிக்கேலைப் போலீசார் பிடித்தார்கள். அந்த வாரமே நிறைகோல் அவனை உள்ளே வைத்தது.

நிறைகோல் வந்தபிறகு ஜாமீன் மனுக்களை நீதிபதிகள் படிப்பதில்லை. படிக்க ஆள் போதவில்லை என்றுதான் அந்த இயந்திரத்தையே கொண்டுவந்தார்கள். ஒரு வழக்கைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அது எடுத்துக்கொள்ளும். சொன்னவருக்கு ஏற்ப எடை போடும். எடை ஐம்பதைத் தாண்டினால் ஆள் உள்ளே. விசாரணை என்ற ஒன்று பிறகு வரும். அது வர எத்தனை வருடமாகும் என்று யாரும் கேட்பதில்லை.

*

ரெஜினாள் வந்தபோது மதியப் பதிப்பு அச்சுக்குப் போயிருந்தது. இறால் கம்பெனியின் ரப்பர் செருப்போடு, வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள்.

“எப்சிபாங்கது யாரு?”

“நான்தான். உட்காருங்க.”

“உக்கார வரலக்கா. நான் சூசை மிக்கேல் வீட்டுக்காரி. அவியள உள்ள வச்சது நீங்கதானாம்.”

“யார் சொன்னது?”

“கோர்ட்டுல எடைப் பிரிவுல ஒரு சார் இருக்காரு. தெரையில காட்டுனாரு. கம்பெனிக்காரரு சொன்னதுக்குப் பன்னெண்டு. போலீசு சொன்னதுக்குப் பத்து. ஒங்க பேருக்கு நேரா நாப்பது.”

கலீல் தன் இருக்கையிலிருந்து தலையைத் தூக்கினான்.

“என் பேரா?” என்றாள் எப்சிபா. “செய்தியை எழுதினது இவர்.”

“கடைசியா யாரு கை வச்சாவளோ அவிய பேருதான் வருமாம்.”

அது சரிதான். நிறைகோலோடு வந்த சட்டம் அது. அச்சில் வரும் சொல்லுக்குப் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். பத்திரிகைகள் மகிழ்ந்தன. இத்தனை காலம் எழுதியும் காற்றில் போன சொல்லுக்கு இனி எடை உண்டு. ‘தென்முனை’ அன்று அலுவலகத்தில் லட்டு கொடுத்தது.

“நீங்க பாத்தீங்களாம்க்கா. அவிய பின்வாசல்ல நின்னத.”

“நான் பாக்கல. பாத்ததா எழுதவும் இல்ல.”

ரெஜினாள் இடுப்பிலிருந்து மடித்த பத்திரிகையை எடுத்து மேசைமேல் விரித்தாள். ஈரமாக இருந்தது. விரலை வைத்துக் காட்டினாள்.

“தெரிகிறதுன்னா பாத்தேன்னு அர்த்தம் இல்லம்மா. அது பத்திரிகை நடை. யாரோ சொன்னாங்கன்னு அர்த்தம்.”

“எனக்குப் புரியும்க்கா. நானும் பேப்பர் படிக்கத்தான் செய்யுதேன். கோலுக்குப் புரியலியே.”

கலீல்தான் கேட்டான். “அந்த நேரத்துல அவர் எங்க இருந்தாரு?”

“வீட்டுல தனியாப் படுத்திருந்தேன்னு சொல்லுதாவ. எனக்கு ரெண்டாம் ஷிப்டு. நான் பாக்கல.” கொஞ்சம் நிறுத்தினாள். “பாத்தேன்னு சொல்லிருக்கலாம். சொன்னாலும் பொண்டாட்டி சொல்லுக்கு எடை முட்டயாம்.”

“நான் என்ன செய்யணும்?”

“எழுதுனதத் திருப்பி எடுங்க. வேற என்ன கேக்கப் போறேன்.”

*

ஆசிரியர் நயினாரை அலுவலகத்தில் எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். அவர் பத்தியைப் படித்தார். கலீலைக் கூப்பிட்டார்.

“ஒனக்கு யாருலே சொன்னா, பின்வாசல்ல நின்னான்னு?”

“வாட்ச்மேன் மாசாணம், அண்ணாச்சி.”

“பாத்தேன்னு சொன்னானா?”

“நின்ன மாதிரி இருந்துச்சுன்னான்.”

“மாதிரியா?”

“இருட்டிட்டு இருந்த நேரம். அதனாலதான் நான் ‘நின்றதாகக் கூறப்படுகிறது’ன்னு போட்டேன்.”

“மாத்தினது நான்” என்றாள் எப்சிபா.

நயினார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, திருத்தம் போட்ருவோம். மூணாம் பக்கத்துல கீழ.”

“முதல் பக்கம் அண்ணாச்சி.”

“முதல் பக்கத்துல திருத்தம் வந்தா அன்னைக்கு நாமதான் செய்தி.”

“ஆமா.”

அவர் அவளைப் பார்த்தார். “எழுது” என்றார்.

திருத்தத்தை அவளே எழுதினாள். அடித்து அடித்து எழுதினாள். கடைசியில் நின்றது இது: “ஐஸ் கம்பெனி தீவிபத்து நாளன்று, சூசை மிக்கேல் பின்வாசலில் நின்றதை எமது நிருபரோ வேறு எவருமோ நேரில் பார்க்கவில்லை. முந்தைய செய்திக்கு வருந்துகிறோம்.”

ஒற்று, சந்தி, நிறுத்தக்குறி எல்லாம் சரியாக இருந்தன. பெட்டி கட்டி முதல் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் காலை ரெஜினாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை. அதற்கான தெம்பு இல்லை.

“என்னக்கா எழுதுனீங்க? அறுவத்திரெண்டு இருந்துச்சு. எம்பதாயிட்டு. தனி ரூமுக்கு மாத்திட்டாவளாம். பாக்க விட மாட்டேங்காவ.”

*

எடைப் பிரிவு நீதிமன்ற வளாகத்தின் பழைய டைப்பிஸ்ட் அறைகளில் இருந்தது. அதிகாரியின் பெயர் உமையொருபாகம். வாசலில் பெயர்ப்பலகை. பாகம் சார் என்று உள்ளூர் வக்கீல்கள் கூப்பிட்டார்கள். எப்சிபாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“வாங்க மேடம். உங்க பத்தி ஒண்ணு விடாம படிப்பேன். ‘மேசையிலிருந்து’. என்ன மாதிரி நடை. டீ சொல்லுதேன்.”

ஞாயிறுதோறும் அவள் எழுதும் பத்தி அது. ஊர் நடப்பு, பத்திரிகை, நீதி. அந்த வாரம் மனதை அறுத்த எதையாவது எழுதுவாள்.

“சூசை மிக்கேல் எடை எப்படி ஏறுச்சு சார்?”

“நீங்கதான் ஏத்துனீங்க.” திரையை அவள் பக்கம் திருப்பினார். “‘நின்றதை’ன்னு எழுதியிருக்கீங்க.”

“நின்றதை யாரும் பார்க்கலைன்னு எழுதியிருக்கேன்.”

“அதான் மேடம். நின்றதை யாரும் பார்க்கலை. அப்போ நின்னது நின்னதுதான். பார்க்காததுதான் செய்தி. யாரும் பார்க்காம ஒருத்தன் பின்வாசல்ல நின்னான்னா ஒளிஞ்சு நின்னான். ‘நின்றதாக’ன்னு போட்டிருந்தா வேற.”

“எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க சார்.”

“பிழைன்னு நான் சொல்லல. நான் தமிழ் எம்.ஏ. கோலுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தவங்கள்ல நானும் ஒருத்தன். சென்னையில ஆறு மாசம் உக்காந்தோம். நம்ம மொழி இதுக்குன்னே பிறந்த மாதிரி இருக்கும். வந்தான்னா பார்த்தது. வந்தானாம்னா கேட்டது. வந்திருப்பான்னா ஊகம். எல்லாம் வினையோட வால்ல இருக்குல்லா. அதை வச்சுத்தான் எடை.”

“தெரிகிறது?”

“தெரிகிறதுன்னா கண்ணுக்குத் தெரியுது. கோர்ட்டுச் சாட்சியங்களைத்தான் கொடுத்துப் படிக்க வச்சோம். கூண்டுல நிக்கறவன் தெரியுதுன்னு சொன்னா பாக்கான்னு அர்த்தம். பத்திரிகைக்காரங்க அதை வேற மாதிரி வச்சிருக்கீங்கன்னு அப்போ யாருக்கும் தோணல.”

“இப்போ தோணுதே. மாத்துங்க.”

“மாத்தலாம். மாத்துனா அந்த ஒரு சொல்லால இதுவரைக்கும் உள்ள போனவன், வெளிய வந்தவன் எல்லாரையும் திரும்ப நிறுக்கணும். யாரு கையெழுத்துப் போடுவா?”

“எத்தனை பேர் இருக்கும்?”

பாகம் சார் டீயை அவள் பக்கம் நகர்த்தினார். “ஆறிரும். குடிங்க.”

அவள் குடிக்கவில்லை. “நான் எழுதினதை நீக்கிடுங்க சார். நானே எழுதித் தரேன்.”

“நீக்கம் கிடையாது மேடம். சேர்ப்பு மட்டும்தான். நீக்கம் வச்சா ஆள்பலம் உள்ளவன் மிரட்டி நீக்க வைப்பான்னு அப்போ பத்திரிகைகள்லாம் போராடுனீங்க. நீங்களே எழுதியிருந்தீங்க. அருமையான பத்தி.”

எப்சிபாவுக்கு அந்தப் பத்தி நினைவிருந்தது.

“சரி. அவர் நின்னாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இதை எப்படி எழுதணும்?”

முதல் முறையாக அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். ஆள்காட்டி விரலால் மேசையில் ஏதோ எழுதி அழித்தார்.

“தெரியாதுங்கறதுக்கு எடை பூஜ்யம். கூட்டுனாலும் கூடாது, கழிச்சாலும் குறையாது. ஏற்கெனவே இருக்கறது அப்படியே நிக்கும்.”

“வேற வழி?”

“எதிர்எடை. அந்த நேரத்துல அவர் வேற இடத்துல இருந்தாருன்னு எடை உள்ள ஒருத்தர் சொல்லணும். நேரடி வினைமுற்று. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள. அதுக்கு மேல எடையைப் பூட்டிருவாங்க. பூட்டுனா விசாரணை வரைக்கும் திறக்க முடியாது.”

“அப்படிச் சொல்ல யார் இருக்கா?”

“நான் பொதுவாச் சொல்லுதேன்.” அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “இந்த மாவட்டத்துல எடை கூடின ஆள்கள்ல நீங்க ஒருத்தர் மேடம். நாங்கள்லாம் பெருமைப்படணும்.”

*

ஐஸ் கம்பெனியின் பின்வாசலில் கருகிய தகரம் இன்னும் கிடந்தது. மாசாணம் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வயது அறுபதுக்கு மேல். ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. அவள் யார் என்று சொன்னதும் எழுந்து நாற்காலியை அவளுக்குத் தள்ளினான்.

“அன்னைக்கு என்ன பாத்தீங்க?”

“நெழலு மாதிரி ஒண்ணு கெடந்துச்சு தாயி. ஆளா மரமான்னு தெரியல. தீயப் பாத்த பெறவு நான் என்னத்தப் பாத்தேன். ரெண்டு பொம்பளையளும் உள்ளேருந்து கத்துனாவ. அதுதான் காதுல நிக்கி.”

“சூசைன்னு எப்படிச் சொன்னீங்க?”

“நான் எங்க சொன்னேன்? மேனேசர்தான் கேட்டாரு, சூசையாடேன்னு. இருக்கும்னேன். சம்பளம் குடுக்கவர் கேட்டா இருக்கும்னுதான் சொல்ல முடியும்.”

“இப்போ எங்கிட்ட சொன்னதைக் கோர்ட்டுல சொல்லுவீங்களா?”

“சொல்லுதேன். சொன்னா என்ன ஆவும்? வாட்ச்மேன் சொல்லுக்கு எடை ரெண்டாம். அதுலயும் எனக்குக் கண்ணு வேற இப்பிடி.” அவன் சிரித்தான். முன்பற்கள் இல்லை. “எடை இல்லாததும் ஒரு நிம்மதிதான் தாயி. ஒருத்தரும் நம்மளத் தேடி வரமாட்டாவ.”

அவன் ஒரு குவளையில் தண்ணீர் கொடுத்தான். அவள் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்தியை எப்சிபா ஒரே மூச்சில் எழுதினாள்.

“இருபது வருடங்களாகச் செய்தி எழுதுகிறேன். அதில் நான் பார்த்தது கொஞ்சம். மீதியெல்லாம் யாரோ சொன்னது. சொன்னவர் யார் என்று எழுதாமல் தப்பிக்க எங்களிடம் சில சொற்கள் இருக்கின்றன. அவற்றை மாற்றி மாற்றிப் போடுவதை நாங்கள் நடை என்று அழைத்தோம். அந்தச் சொற்களில் ஒன்று இன்று ஒரு மனிதனைப் பூட்டி வைத்திருக்கிறது. சூசை மிக்கேல் அன்று மாலை எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியாது. என் பத்திரிகைக்கும் தெரியாது. நீதிமன்றத்துக்கும் தெரியாது. இதைச் சொல்ல ஓர் இடம் இல்லாத அமைப்பை நாங்கள்தான் கைதட்டி வரவேற்றோம்.”

பத்தி பரவியது. காலையிலிருந்து அழைப்புகள். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் தழுதழுத்தார். பாகம் சார் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். சர்ச்சில் பூசை முடிந்ததும் பங்குத்தந்தை அதை வாசித்துக் காட்டினாராம்.

மாலையில் ரெஜினாளுக்கு எப்சிபாவே பேசினாள்.

“படிச்சேன்க்கா” என்றாள் ரெஜினாள். “நல்லா எழுதிருக்கீங்க. ஜெயில் வார்டர்கூட படிச்சாராம். அழுகை வந்துட்டுன்னாராம்.”

“எடை?”

“அசையல. பத்திக்கெல்லாம் எடை கெடையாதாம்க்கா. அதுல யாரு என்ன வேணாலும் எழுதிக்கிடலாமாம்.”

*

வியாழக்கிழமை காலை எப்சிபா ஒரு செய்தி எழுதி நயினாரின் திரைக்கு அனுப்பினாள். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றாமலேயே கூப்பிட்டார்.

“இது என்ன?”

“செய்தி.”

“அன்னைக்கு ஒனக்கு லீவுல்லா?”

“ஆமா அண்ணாச்சி. அதான் வெளிய இருந்தேன்.”

“பழைய பஸ் ஸ்டாண்டுல.”

“பழைய பஸ் ஸ்டாண்டுல.”

“இவ்வளவு நாளா சொல்லல.”

“இவரைத்தான் பாத்தோம்னு அப்போ தெரியல. படம் பாத்த பிறகுதான் தெரிஞ்சுச்சு.”

சொல்லும்போதே அவள் கவனித்தாள். ‘தெரிஞ்சுச்சு’ சரியாக உட்கார்ந்தது.

நயினார் செய்தியை மறுபடி மேலிருந்து படித்தார். வெளியே அச்சுக்கூடத்தில் காகிதச் சுருளை உருட்டும் சத்தம் கேட்டது.

“எப்சிபா. நான் ஒண்ணும் கேக்கல. நீயும் ஒண்ணும் சொல்லல.”

“சரி அண்ணாச்சி.”

“இது பழகிரும். அதான் எனக்குப் பயம்.”

செய்தியில் இரண்டே வாக்கியங்கள் முக்கியமானவை. “தீப்பிடித்த மாலை பழைய பேருந்து நிலையத்தில் சூசை மிக்கேல் நின்றார். நான் பார்த்தேன்.” இத்தனை வருடங்களில் எந்தச் செய்தியிலும் அவள் ‘நான்’ எழுதியதில்லை. அச்சுக்கு அனுப்பும்முன் ஒருமுறை திருத்திப் பார்த்தாள். திருத்த ஒன்றுமில்லை. எந்தச் சொல்லும் திரும்ப வரவில்லை.

எடை பதினெட்டுக்கு இறங்கியது. வெள்ளிக்கிழமை சூசை மிக்கேல் வெளியே வந்தான். படம் எடுக்கக் கலீலை அனுப்பினாள். படத்தில் அவன் யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ரெஜினாள் அவன் கையைப் பிடித்திருந்தாள். எப்சிபா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். அவனை அவள் பார்ப்பது அதுதான் முதல் முறை.

*

திங்கட்கிழமை கலீல் அவள் மேசை அருகே வந்து நின்றான். உட்காரவில்லை.

“மேடம், மாசாணத்தைத் தூக்கிட்டாங்க.”

“எதுக்கு?”

“சூசை பஸ் ஸ்டாண்டுல இருந்திருக்காரு. அப்போ பின்வாசல்ல நின்னாருன்னு மாசாணம் மேனேஜர்கிட்ட சொன்னது பொய். பொய் சொன்னவன் கையிலதான் பின்வாசல் சாவி இருந்திருக்கு. கோல் அப்படிக் கோக்குது.”

“அவர் மாதிரின்னுதானே சொன்னாரு.”

“நம்ம பேப்பர்ல மாதிரி வரல மேடம்.”

எப்சிபா அவன் முகத்தைப் பார்த்தாள். குற்றம் சொல்லும் முகம் இல்லை அது. பயந்த முகம்.

“எவ்வளவு?”

“காலையில அம்பத்தஞ்சு. இப்போ அறுபத்தாறு. மத்த பேப்பர்காரங்கல்லாம் எழுத ஆரம்பிச்சுட்டாங்க. பழைய திருட்டு வழக்கு இருந்ததாகத் தெரிகிறதாம். ஒருத்தர் போட்டதும் எல்லாரும் போடுறாங்க.” அவன் குரலைத் தாழ்த்தினான். “நாம என்ன போடுறதுன்னு அண்ணாச்சி கேட்டுட்டு வரச் சொன்னாரு.”

அவள் கணினியைப் பார்த்தாள். வெற்றுப் பக்கம். மாசாணம் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. நிழல் மாதிரி. ஆளா மரமா. எழுதினால் அவன் பின்வாசலில் நின்றதும், கத்தலைக் கேட்டதும், எதையும் செய்யாததும் அவள் பெயரில் அவன்மேல் ஏறும். அவன் வாயிலிருந்தே நேரடியாகக் கேட்டது. எடை குறையாமல்.

“ஒண்ணும் போட வேண்டாம்” என்றாள்.

“நாம மட்டும் போடலன்னா அதுக்கும் ஒரு எடை உண்டாம் மேடம். மௌனமாம். புதுசாச் சேத்திருக்காங்க.”

“யாருக்கு எதிரா?”

“அது இன்னும் சொல்லல.”

*

ரெஜினாள் மறுபடி வந்தாள். இந்த முறை வெளுத்த சேலை. கையில் ஈயத்தாளில் பொதிந்த இறால். கேட்காமலேயே உட்கார்ந்தாள். பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள்.

“கம்பெனி சரக்கு இல்லக்கா. காசு குடுத்து வாங்குனது.”

“எதுக்கும்மா இதெல்லாம். அவர் எப்படி இருக்காரு?”

“இருக்காவ. திங்காவ, தூங்குதாவ. பேச்சு இல்ல.”

“போகப் போகச் சரியாகிடும்.”

“ஆமா.” ரெஜினாள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கலீல் இருக்கை காலியாக இருந்தது. “அவிய ஒங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாவ.”

“என்ன?”

“பஸ் ஸ்டாண்டுல எந்தப் பக்கம் நின்னாவன்னு.”

எப்சிபா பேனாவை எடுத்தாள். வைத்தாள்.

“வீட்டுல படுத்திருந்ததா சொன்னாரே.”

“அது அப்போ சொன்னது.”

“இப்போ?”

“பஸ் ஸ்டாண்டுலங்காவ. யாரு கேட்டாலும் அதான். எங்கிட்டயும் அதான் சொல்லுதாவ. நான் கேக்கக்கூட இல்ல. ராத்திரி சோறு போடும்போது அவியளாத்தான் சொன்னாவ.”

“ரெஜினா, நீங்க என்ன நினைக்கிறீங்க? அன்னைக்கு அவர் எங்க இருந்தாரு?”

ரெஜினாள் பொட்டலத்தின் ஈயத்தாளை நகத்தால் நீவினாள். சுருக்கம் போகும்வரை நீவினாள்.

“நான் நெனைக்கதுக்கு எடை கெடையாதுல்லாக்கா” என்றாள். “வாட்ச்மேனைப் பிடிச்ச பெறவு மறுபடி எல்லாரையும் கூப்பிட்டு விசாரிப்பாவளாம். நீங்க ஒண்ணு சொல்லி அவிய ஒண்ணு சொன்னா ரெண்டு பேருக்கும்தான் தொல்லை.”

அது மிரட்டல் இல்லை. நிலவரம்.

“திருச்செந்தூர் பஸ் நிக்கிற பக்கம்” என்றாள் எப்சிபா.

“திருச்செந்தூர் பஸ் நிக்க பக்கம்.”

“பழக்கடை வாசல்ல. தனியா.”

“பழக்கடை. தனியா.” ரெஜினாளின் உதடுகள் மட்டும் இன்னொரு முறை அசைந்தன. “என்ன சட்டை?”

எப்சிபா கண்ணை மூடவில்லை. சிறையிலிருந்து வெளியே வந்த படத்தில் அவன் என்ன போட்டிருந்தான் என்று யோசித்தாள். அது வேண்டாம். வேறு.

“நீலக்கட்டம்.”

“அவியகிட்ட நீலக்கட்டம் கெடையாதேக்கா.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெஜினாள் முதலில் எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“போற வழியில ஒண்ணு எடுத்துருதேன்” என்றாள். “ரெண்டு தொவப்புல பழசாயிரும்.”